சாட்சி சொன்ன மறுநாள் நான் நிறுத்திய மாத்திரை

எனக்கு டி.பி. வந்தது 2019-ல். ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டிருந்தால் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குள் முடிந்திருக்கும். 2022 ஜூலை வரை இழுத்தது. இடையில் கடை போனது, மனைவியின் நாலு பவுன் சங்கிலி அடகிலேயே மூழ்கியது, மூன்று வருடம் வீணானது. டி.பி. பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஜெபத்தைப் பற்றி. நான் ஜெபிக்காதவன் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு குடும்ப ஜெபம் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் ஜெபத்தில் கர்த்தர் செய்கிற வேலை எது, என் கையில் அவர் விட்டுவைத்திருக்கிற வேலை எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டு, என் வேலையை அவர் தலையில் போட்டேன். அன்றைக்கு ஒருத்தராவது என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். 2019 மே மாதம் இருமல் ஆரம்பித்தது. மெஷினில் டோனர் தூள் பறக்கும், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, 58 கிலோ இருந்தவன் 48-க்கு வந்துவிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் சளி எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். மருந்து முழுக்க இலவசம். என் எடைக்கு ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. அந்த அட்டையில் ஒரு ஏற்பாடு இருந்தது. அன்றைய மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் அதன் பின்னால் மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நாம் மாத்திரை போட்டுவிட்டோம் என்று அவர்களிடம் பதிவாகும். டி.பி. பிரிவில் இருந்த அக்கா முதல் நாளே சொன்னார்கள்: "தம்பி, ரெண்டு மூணு வாரத்துல உங்களுக்கு நல்லா ஆயிரும். அப்பத்தான் ஆபத்து. நல்லாயிருக்குன்னு விட்டுட்டீங்கன்னா உள்ள மிச்சம் இருக்கிறது மறுபடி கிளம்பும்." தலையாட்டினேன்.

அவர்கள் சொன்னபடியேதான் நடந்தது. ஜூலையில் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சோறு இறங்கியது. ஆகஸ்டில் இரண்டு மாத முடிவில் சளிப் பரிசோதனை, நெகட்டிவ். எடை 54. "இன்னும் நாலு மாசம் இருக்கு தம்பி" என்று அக்கா அடுத்த அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதே மாதக் கடைசியில் எங்கள் ஊருக்கு வெளியே பந்தல் போட்டு மூன்று நாள் உபவாசக் கூடுகை நடந்தது. கடைசி நாள் ராத்திரி, நெஞ்சில் வியாதியோடு ஒரு சகோதரர் வந்திருக்கிறார், கர்த்தர் அவரைத் தொடுகிறார் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். என் நெஞ்சு சூடானது. அந்த அனுபவம் பொய் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அழுதுகொண்டே மேடை ஏறினேன். மைக் கைக்கு வந்ததும் என் வாயிலிருந்து வந்த வார்த்தை இது: "கர்த்தர் என்னைப் பூரண சுகமாக்கிவிட்டார், இனி எனக்கு மருந்து தேவையில்லை." நானூறு பேராவது இருந்திருப்பார்கள். பந்தலே ஸ்தோத்திரம் என்றது.

மருந்தை நிறுத்து என்று மேடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மறுவாரம் எங்கள் சபைப் போதகர் சேகரகுரு ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரை போடுறியாப்பா?" என்று கேட்டார். "போடுறேன் ஐயா" என்றேன். அது பொய். சாட்சி சொன்ன மறுநாள் காலையிலேயே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். போட்டால் நேற்றுச் சொன்ன சாட்சி பொய்யாகிவிடும் என்று தோன்றியது. சாட்சியைக் காப்பாற்றுவதற்காக மாத்திரையை விட்டேன். மூன்றையும் பிதுக்கி எடுப்பேன், நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பேன், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். மாத்திரை கரைந்து செங்கல் நிறத்தில் ஒரு கோடாக ஓடும். அது போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். மருந்து சாப்பிட்ட நாட்களில் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், அது நின்றுவிட்டது. அதையும் சுகத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். டிசம்பரில் கடைசிச் சளிப் பரிசோதனைக்கு ஆழத்திலிருந்து இருமி எடுக்காமல் எச்சிலைத் துப்பிக் கொடுத்தேன். சிகிச்சை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். வெளியூர்க் கூட்டங்களுக்கும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், கடையைப் பூட்டிவிட்டுக் கைக்காசு போட்டுப் போய்வந்தேன்.

இயேசுவைப் பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும் என்று சொன்னபோது, அவன் எடுத்துக் காட்டியது வேத வசனத்தைத்தான், தொண்ணூற்றோராம் சங்கீதத்தை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று ஆண்டவர் பதில் சொன்னார். இந்தப் பகுதியை நூறு தடவை கேட்டிருக்கிறேன். கழிப்பறையில் நின்றபோது நான் செய்ததும் அதேதான் என்று ஒரு தடவைகூட உறைக்கவில்லை. பிதா கட்டிவைத்த படிக்கட்டு வழியாக இறங்காமல், அவர் தாங்குவார் என்று குதித்தேன். விசுவாசம் என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

சுகமானதாக உணர்ந்தால் சாட்சி சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் வேதத்தில் குஷ்டரோகிகளைச் சுகப்படுத்திய ஆண்டவரே, போய் ஆசாரியனுக்குக் காண்பியுங்கள் என்றுதான் அனுப்பினார். அந்த ஆசாரியன் எப்படிப் பார்ப்பான் என்று லேவியராகமம் 13-ல் இருக்கிறது. ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும், மறுபடியும் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்து முடிகிற காரியம் இல்லை. டி.பி.க்கும் அப்படியே: இரண்டு மாத முடிவில் பார்ப்பார்கள், சிகிச்சை முடிவில் பார்ப்பார்கள், அதன்பிறகும் இரண்டு வருடம் வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாம் மாத நெகட்டிவ் என்பது கிருமியின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம், மெதுவாக வளர்கிறவை உள்ளே ஒடுங்கிக் கிடக்கும், அதற்குத்தான் மீதி நாலு மாதம். சாட்சி சொல்ல ஆசையாக இருந்தால், "கர்த்தர் எனக்கு நன்மை செய்துகொண்டிருக்கிறார், மருந்தும் நடக்கிறது, தொடர்ந்து ஜெபியுங்கள்" என்று சொல்லுங்கள். அதில் தேவனுக்கு ஒரு குறைவும் இல்லை. நீங்களும் சொன்ன வார்த்தைக்கு அடிமையாக மாட்டீர்கள். என்னை அடைத்துப்போட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

2020 மே. ஊரடங்கு. மறுபடியும் சாயங்காலக் காய்ச்சல். எல்லாருடைய வாயிலும் அப்போது அந்தத் தொண்ணூற்றோராம் சங்கீதம்தான், கொள்ளைநோய்க்குத் தப்புவிப்பார் என்று. கொரோனாவாக இருக்குமோ என்று பயந்து பரிசோதனை எடுத்தேன், நெகட்டிவ். தனியார் டாக்டரிடம் போனேன். ஏற்கெனவே டி.பி. இருந்ததை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் நான் சுகமானவன் என்கிற கதை உடையும். நிமோனியாவாக இருக்கலாம் என்று ஒன்று மாற்றி ஒன்று மருந்து, எக்ஸ்ரே, ஸ்கேன், இரண்டு தடவை அட்மிஷன். நவம்பர் வரைக்கும் செலவு 1,12,000 ரூபாய். அந்த ஆறு மாதமும் நான் ஜெபித்த ஜெபத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "ஆண்டவரே, உமது நாமம் தூஷிக்கப்படாதபடிக்கு இதை மாற்றும்" என்று ஜெபிப்பேன். நான் காப்பாற்ற நினைத்தது என் பெயரை. மாத்திரையை நான் விட்டது வீட்டில் தெரியாது, சபையில் தெரியாது. ஜெபக்குழுவில் என் சுகத்துக்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே வியாதி வளர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேர் ஜெபித்தும் எனக்காக உண்மையான ஒரு ஜெபம்கூட நடக்க நான் வழி விடவில்லை. அந்தத் தனிமைதான் வியாதியைவிடக் கொடுமை.

நவம்பரில் ஒரு விடியற்காலை இருமலில் ரத்தம் வந்தது. மனைவி கையைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளியை மெஷினில் வைத்துப் பார்க்கும் சிபிநாட் பரிசோதனை செய்தார்கள். டி.பி. இருக்கிறது, அதோடு ரிஃபாம்பிசின் மருந்து இனி வேலை செய்யாது என்று முடிவு வந்தது. டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசமும் முழுசாப் போட்டீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "ஒரு நாள்கூட விடல டாக்டர். தினமும் மிஸ்டு கால் குடுக்கிறத நானே பார்த்திருக்கேன்." எனக்காக அவள் அவ்வளவு உறுதியாகச் சாட்சி சொன்னாள். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "பாப்பா?"

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. தினமும் என் நெஞ்சில் தலைவைத்துத் தூங்குகிற பிள்ளை. மறுநாள் அவளுக்கு எக்ஸ்ரே. பலகையைக் கட்டிப்பிடித்து நிற்கச் சொன்னார்கள், அது அவள் உயரத்துக்கு எட்டவில்லை, ஒரு ஸ்டூல் போட்டார்கள். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ பாப்பா" என்றதும் கன்னம் இரண்டும் உப்ப அப்படியே நின்றாள். படம் எடுத்து முடித்த பிறகும் மூச்சை விடவில்லை, விடலாம் என்று யாரும் சொல்லவில்லை என்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஜெபிக்க எனக்கு வார்த்தை வரவில்லை. "என்னை மன்னியும்" என்ற இரண்டு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்றரை வருடத்தில் நான் செய்த உண்மையான முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைக்கும் மனைவிக்கும் ஒன்றும் இல்லை என்று சாயங்காலம் சொன்னார்கள்.

2020 டிசம்பரில் இரண்டாவது சிகிச்சை ஆரம்பித்தது. அப்போதைய முறைப்படி 18 முதல் 20 மாதம். ஐந்து விதமான மருந்து, ஒரு நாளைக்குக் கைநிறைய மாத்திரை. ஒரு மருந்தால் தோல் கறுத்துப்போனது, கடைக்கு வந்துபோனவர்களே என்னை அடையாளம் தெரியாமல் கடந்து போனார்கள். இன்னொன்றால் உள்ளங்கால் நெருப்பில் வைத்தது போல எரியும். மற்றொன்று மனதைப் பிடித்து இழுத்துக் குழியில் போடும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இதயத்துக்கு அடிக்கடி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதுவும் முழுக்க இலவசம், சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, இப்போது அதை 1,000 ஆக்கிவிட்டார்கள். ஆனால் வேலை செய்ய முடியவில்லை. பதினொரு மாதம் பூட்டிய கடைக்கு வாடகை 5,000 வீதம் கட்டினேன், பிறகு 85,000-க்கு வாங்கிய மெஷினை 30,000-க்குக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். கழிப்பறையில் நான் போட்ட மாத்திரைக்கு ஒரு ரூபாய்கூட நான் கொடுத்ததில்லை.

அந்தக் காலத்தில்தான் ஜெபத்தை அடியிலிருந்து கற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில் யாத்திராகமம் 14 வாசித்தேன். முன்னால் கடல், பின்னால் பார்வோனின் சேனை, நடுவில் மோசே. கர்த்தர் அவரிடம், "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு" என்கிறார். கடலைப் பிளப்பது கர்த்தருடைய வேலை. கோலை ஓங்குவது மோசேயின் வேலை, ஈரம் காய்ந்த தரையில் கால் வைப்பது ஜனத்தின் வேலை. யாரும் இன்னொருவர் வேலையைச் செய்யவில்லை. பவுல் இதையே கொரிந்தியருக்கு, நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று எழுதுகிறார். அடுத்த வரிகளில், நாங்கள் தேவனுக்கு உடன்வேலையாட்கள் என்கிறார். தாமிரபரணி வாய்க்கால் பாசனத்தில் வாழை போடுகிற எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். கன்று வைக்காமல், தண்ணீர் கட்டாமல், வரப்பில் முழங்கால் போட்டு விளைச்சல் கேட்பவர் யாரும் இல்லை. குலை தள்ளவைப்பது நான்தான் என்று சொல்லுகிறவரும் இல்லை.

கடைக் கணக்கு எழுதும் நீள நோட்டில் மிச்சப் பக்கங்கள் இருந்தன. அதில் நடுவில் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு ஜெபக்குறிப்பையும் இரண்டாகப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். மாத்திரை போடுவது நான், கிருமியைச் சாகவைப்பது அவர். ஈ.சி.ஜி.க்குப் போவது நான், இதயம் தாங்குவது அவர். கடனைப் பற்றி மைத்துனரிடம் வாய்விட்டுச் சொல்வது நான், அவர் மனதில் இரக்கம் வைப்பது ஆண்டவர். மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது நான், அவள் காயத்தை ஆற்றுவது அவர். உங்களுக்கும் இதையே சொல்லுவேன். ஜெபிக்கிற காரியத்தில் உங்கள் பக்கம் எழுத ஒன்றுமே இல்லை என்றால் நன்றாக யோசித்துப் பாருங்கள், எதையோ தள்ளிப்போடுகிறீர்கள். அவர் பக்கம் எழுத ஒன்றுமே இல்லை என்றாலும் யோசியுங்கள், எல்லாவற்றையும் நீங்களே சுமக்கிறீர்கள். சிலவற்றில் நம் பக்கம் எழுதக் காத்திரு என்பது மட்டும்தான் இருக்கும். காத்திருப்பதும் வேலைதான்.

மாத்திரை போடுவது அவிசுவாசம் என்ற எண்ணம் மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எசேக்கியா ராஜாவின் கதைதான் அதை எடுத்துப்போட்டது. அழுது ஜெபித்தார், கர்த்தர் கேட்டார், பதினைந்து வருடம் கூட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார். அதன்பிறகுதான் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தம் வந்த பிறகும் பற்று தேவைப்பட்டது. பவுலோடு ஊழியத்தில் கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர். நம் மண்ணிலேயே பாருங்கள். திண்டிவனத்தில் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவர் வீட்டுக்கு ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் அதைக் கர்த்தருடைய அழைப்பாக எடுத்துக்கொண்டார், முழங்காலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். அதுதான் பிறகு சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஆனது. டி.பி.க்கு மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாம், சானடோரியத்தில் போய்க் கிடக்க வேண்டாம் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆராய்ச்சியும் சென்னை சேத்துப்பட்டில் 1950-களில் நடந்ததுதான். எத்தனை குடும்பங்களின் கண்ணீருக்குக் கிடைத்த பதில் அந்த அட்டையில் இருந்தது! அந்தப் பதிலைத்தான் நான் தண்ணீர் ஊற்றி அனுப்பினேன்.

பரிசோதனைக்குப் போவதிலும் எனக்குக் கூச்சம் இருந்தது, சந்தேகப்படுவதாகிவிடுமோ என்று. எலியாவைப் பாருங்கள். மழை தருவேன் என்று கர்த்தர் முன்பே சொல்லிவிட்டார். அப்படியும் எலியா கர்மேல் உச்சியில் முகத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்து ஜெபிக்கிறார். ஜெபித்துக்கொண்டே, சமுத்திரமுகமாய்ப் போய்ப் பார் என்று வேலைக்காரனை அனுப்புகிறார். ஒன்றும் இல்லை என்று வந்து சொல்கிறான். மறுபடியும் போகச் சொல்கிறார், ஏழு தடவை. ஏழாம் தடவைதான் உள்ளங்கை அளவு மேகம். ஒன்றும் இல்லை என்ற பதிலை ஆறு தடவை கேட்கத் தைரியம் இருந்த மனுஷன் அவர். மாதாமாதம் சளி டப்பாவைக் கொடுக்கும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். வேலைக்காரனை அனுப்புகிறேன், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், தலையை முழங்காலுக்கு நடுவிலிருந்து எடுக்கமாட்டேன்.

அப்படியானால் மாத்திரை போதுமே, ஜெபம் எதற்கு என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கடை இருந்த காலத்தில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது என் மகள் ஓடிவந்து அடியில் கை கொடுப்பாள். அவள் கை இல்லாமலும் ஷட்டர் ஏறும். ஆனாலும் அவள் வரும்வரை நான் நிற்பேன், "நாந்தான் தூக்கினேன்" என்று அவள் சொல்லும்போது இல்லை என்று சொன்னதில்லை. எசேக்கியேலில் கர்த்தர், பாழான பட்டணங்களைக் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு, இதை நான் செய்யும்படி இஸ்ரவேல் வம்சத்தார் என்னிடத்தில் விண்ணப்பம்பண்ணவேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறார். செய்யத் தீர்மானித்த காரியத்துக்கும் பிள்ளையின் கை வரவேண்டும் என்று நிற்கிற தகப்பன் அவர். அது போக, நன்றாக இருந்தபோது தினம் மூன்று மாத்திரையை விழுங்க மனமில்லாமல் கழிப்பறையில் கொட்டியவன், கால் எரிய, தோல் கறுக்க, ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். கிருமியை மருந்து கொன்றது. மருந்தை விழுங்குகிறவனாக என்னை மாற்றியது எது? நான் ஜெபத்தைத்தான் சொல்வேன்.

ஆறாம் ஏழாம் மாதங்களில் ஜெபிக்கவே முடியாமல் போனது. மருந்தின் பக்கவிளைவு என்று பிறகு டாக்டர் சொன்னார், அப்போது எனக்குத் தெரியாது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். வேதத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரியும், வார்த்தையாகச் சேராது. கர்த்தர் என்னை விட்டுவிட்டார், செய்ததற்குக் கூலி என்று நினைத்தேன். மனைவிதான் ரோமர் 8-ஐ வாசித்தாள், ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் என்று. அன்றைக்கு நோட்டில் அவர் பக்கத்தில், ஜெபிப்பது, என்று எழுதினேன். என் பக்கத்தில், மூச்சு விடுவது. அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் ஜெபிக்க முடியவில்லையே என்று உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம் டாக்டரிடமும் சொல்லுங்கள். நான் மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன். சொன்ன பிறகு மருந்தின் அளவைப் பார்த்துச் சரிசெய்தார்கள், பத்து நாளில் வெளிச்சம் தெரிந்தது.

இன்னும் ஒன்று. ஜெபக்குறிப்பு கொடுக்கும்போது உண்மையைக் கொடுங்கள். "சுகத்துக்காக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சேகரகுரு ஐயாவிடம் போய், அன்று போடுகிறேன் என்று சொன்னது பொய் ஐயா என்று ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, "நான் இன்னும் ரெண்டு தடவை கேட்டிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். "ஆச்சா?" என்பார், "ஆச்சு ஐயா" என்பேன், ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு வைத்துவிடுவார். பள்ளத்தாக்கில் யோசுவா பட்டயத்தோடு நிற்கும்போது மலைமேல் மோசேயின் கை தளர்ந்தது, ஆரோனும் ஊர் என்கிற மனுஷனும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கினார்கள். உங்கள் கையைத் தாங்க இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள், அவர்களிடம் பொய் சொல்லாதீர்கள். டி.பி. விஷயத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு அரசின் இலவச எண் 1800-11-6666 இருக்கிறது.

2022 ஜூலையில் சிகிச்சை முடிந்தது. நான் உடனே சாட்சி சொல்லவில்லை. இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சளி கொடுத்தேன், நாலு தடவையும் நெகட்டிவ். 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஐயா என்னைக் கூப்பிட்டார். முதலில் சொன்ன சாட்சியிலிருந்து ஆரம்பித்து, மிஸ்டு கால், கழிப்பறை, எச்சில், எல்லாவற்றையும் சொன்னேன். கை நடுங்கியது. முடித்தபோது யாரும் ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லவில்லை, கோவிலே அமைதியாக இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பாட்டி ஒருத்தி என் முழங்கையைத் தொட்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஏ ஐயா, நான் சக்கரை மாத்திரைய நிறுத்தி நாலு மாசம் ஆவுது. கூட்டத்துல சாட்சி சொல்லிட்டேன். இப்ப காலு மரத்துப் போவுது. யார்ட்டயும் சொல்லிராத" என்றாள். காலைக் காட்டச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், அதன்மேல் ஜெப எண்ணெய் தடவி, துணி சுற்றியிருந்தாள். அங்கேயே வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் ஜெபித்தோம். மறுநாள் காலை ஏழரைக்கு அவள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். பாட்டி பழைய மருந்துச் சீட்டை வேதத்துக்குள் வைத்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள்.